பனிக்கால மலை முகாம்: எங்கே கோளாறு, எதை முதலில் பார்ப்பது

பனிக்காலத்தில் மலையில் டென்ட் போட்டுத் தங்குகிறவர்களுக்கு வரும் தொல்லைகள் திரும்பத் திரும்ப ஒரே பத்துப் பன்னிரண்டுதான். நண்பர்களை அழைத்துக்கொண்டு போய், நள்ளிரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் இவற்றையே மறுபடி மறுபடி சரிசெய்ததில் சேர்ந்த குறிப்பு இது. உங்களுக்கு என்ன தொல்லையோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், புதிதாக வாங்க வேண்டியது கடைசியில் வரும். அதே வரிசையில் பாருங்கள். குளிர்கிறது என்றதும் விலை கூடிய ஸ்லீப்பிங் பேக் வாங்கி, அடுத்த தடவையும் அதே நடுக்கத்தோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கோளாறு பொருளில் இல்லாமல் ஆளிடம் தெரிந்தால், அதாவது தலைவலி, வாய் குழறுவது, நடுக்கம் திடீரென்று நிற்பது, விரல் வெளுப்பது என்று இருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## இரவில் குளிர் தாங்கவில்லை

எங்கே குளிர்கிறது என்று முதலில் கேளுங்கள். "எல்லா இடமும்தான்" என்பார்கள். விடாமல் கேளுங்கள். பதில் இடத்துக்கு இடம் மாறும்.

### முதுகும் இடுப்பும் சில்லிடுகின்றன, மேல்பக்கம் பரவாயில்லை

குளிர் தரையிலிருந்து ஏறுகிறது. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உங்கள் எடையில் நசுங்கிக் கிடக்கிறது. அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கீழே உதவாது. கீழே காப்பது மேட் மட்டும்தான்.

சோதனை: படுத்தபடியே மேட்டுக்கு அடியில் கையை நுழைத்து, இடுப்பெலும்புக்கு நேர் கீழே கொண்டுபோங்கள். எலும்பு கையை அழுத்தினால் மேட்டில் காற்று குறைவு, ஊதிச் சேர்த்துவிட்டுப் படுங்கள். அழுத்தவில்லை, ஆனாலும் மேட்டின் மேல்பக்கம் சில்லென்று இருக்கிறது என்றால் மேட் அந்தத் தரைக்குப் போதாது.

என் நண்பர் ஒருவர் இரண்டு ஸ்லீப்பிங் பேக்கை ஒன்றுக்குள் ஒன்று போட்டுப் படுத்தும் விடிய விடிய நடுங்கினார். மறுநாள் இரவு ஒரு பேக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய காற்று மேட்டுக்கு அடியில் என்னுடைய பழைய ஃபோம் மேட்டை விரித்தேன். காலையில் நாங்கள்தான் அவரைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

கையில் வேறு மேட் இல்லையா? முதுகுப் பையைக் காலி செய்து காலுக்கடியில் விரியுங்கள். சுருட்டிய கயிறு, மாற்றுத் துணி, மழைக்கோட்டு எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் கீழே போகட்டும். வாங்குவதாக இருந்தால் மேட்டின் ஆர் மதிப்பைப் (R-value, தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்ற எண்) பாருங்கள். சாதாரண ஃபோம் மேட் ஏறக்குறைய 2 இருக்கும். பனித்தரைக்கு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. இரண்டு மேட்டை அடுக்கினால் மதிப்பும் கூடும்: 3 உள்ள காற்று மேட்டும் 2 உள்ள ஃபோம் மேட்டும் சேர்ந்தால் 5. ஒரே மேட்டில் காசைக் கொட்டுவதைவிட எனக்கு இந்த அடுக்குதான் பிடிக்கும். காற்று மேட் ஓட்டையானாலும் ஃபோம் மிஞ்சும்.

### கால்விரல் மட்டும் மரத்துப்போகிறது

பகலில் போட்ட சாக்ஸோடு படுத்திருக்கிறீர்களா? தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், வியர்வை உள்ளே இருக்கும். கழற்றிவிட்டு, படுப்பதற்கென்றே வைத்திருக்கும் காய்ந்த சாக்ஸைப் போடுங்கள். அது தளர்வாக இருக்க வேண்டும். இரண்டு ஜோடி சாக்ஸை இறுக்கிப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும்.

அடுத்தது வெந்நீர். கெட்டியாக மூடும் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகவில்லை என்று உறுதி செய்துவிட்டு, ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வையுங்கள். ஸ்லீப்பிங் பேக் உங்களைவிட நீளமாக இருந்தால் காலுக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் மறுநாள் போட வேண்டிய துணியைத் திணியுங்கள். காலையில் அந்தத் துணியும் வெதுவெதுப்பாக இருக்கும்.

### உடம்பு முழுவதும் குளிர்கிறது, நள்ளிரவுக்கு மேல் கூடுகிறது

இதை வரிசையாகப் பாருங்கள்:

- பேக்கின் தலைமூடியை இழுத்துக் கட்டினீர்களா? கழுத்தைச் சுற்றி இடைவெளி இருந்தால் புரளும்போதெல்லாம் சூடு வெளியேறும்.
- சாப்பிட்டீர்களா? களைப்பில் அரைவயிறோடு படுத்தவர்களுக்குத்தான் விடியற்காலை குளிர் அதிகம். கொட்டைகள், இனிப்பு ஏதாவது தலைமாட்டில் இருக்கட்டும். நடுவில் விழித்தால் இரண்டு கடி கடியுங்கள்.
- குளிர்ந்த உடம்போடு உள்ளே நுழைந்தீர்களா? பேக் சூடு தராது, இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். படுக்கும் முன் வியர்க்காத அளவுக்குக் குதித்து, நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு நுழையுங்கள்.
- ஜாக்கெட் மேல் ஜாக்கெட் போட்டு பேக்குக்குள் இறுக்கமாக இருக்கிறதா? உள்ளே அடைத்த இறகு நசுங்கினால் பயனில்லை. ஒன்றைக் கழற்றிப் பேக்கின் மேல் போர்த்துங்கள்.
- பேக் ஈரமா? துணியை விரலால் வருடிப் பாருங்கள். இறகு கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் ஈரம் ஏறியிருக்கிறது. மறுநாள் உச்சி வெயிலில் உள்பக்கத்தை வெளியே திருப்பி டென்ட்டின் மேல் காயப்போட்டு, கட்டிகளை விரலால் உதிர்த்துவிடுங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் டென்ட் போட்ட இடத்தைப் பாருங்கள். பள்ளத்தாக்கின் அடியும் ஓடைக்கரையும் பார்க்க அழகுதான், ஆனால் காற்றில்லாத இரவில் குளிர்காற்று வழிந்து வந்து அங்கேதான் தேங்கும். சரிவில் கொஞ்சம் மேலே ஏறினால் போதும், வித்தியாசத்தை உடம்பே சொல்லும். பகல் வெளிச்சத்தில் இடம் மாற்றுங்கள், இரவில் வேண்டாம்.

கடைசியாகப் பேக்கின் சீட்டு. அதில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும்: வசதி, எல்லை, உச்சம். உச்சம் என்பது உயிர் பிழைக்கும் கணக்கு, தூங்கும் கணக்கு அல்ல. விற்பவர் சொல்லும் எண் எது என்று கேட்டு, வசதி எண்ணை மட்டும் நம்புங்கள். பல வருடம் உழைத்த இறகுப் பேக் உப்பவே இல்லை என்றால், வீசிவிடும் முன் இறகுத் துணி துவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். அழுக்கும் எண்ணெயும் போனால் பாதிப் பேக்குகளாவது மறுபடி எழும்பும் என்பது என் அனுபவம்.

## டென்ட் உள்ளே நனைந்திருக்கிறது

### சுவர் முழுக்கச் சமமாக ஈரம் அல்லது வெள்ளைப் படலம்

இது ஒழுக்கு இல்லை, உங்கள் மூச்சு. காலையில் எழுந்து உட்காரும்போது தலை கூரையில் லேசாகப் படும். அவ்வளவுதான், மெல்லிய வெள்ளைத் துகள் கழுத்துக்குள்ளும் பேக்கின் மேலும் பொலபொலவென்று உதிரும். ஒவ்வொரு துகளும் பத்து நிமிடத்தில் ஒரு துளி ஈரமாகிவிடும். அந்த ஈரம்தான் மூன்றாம் நாள் இறகைக் கட்டியாக்குகிறது.

குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை மூடுவதுதான் இதற்கு முதல் காரணம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் திறந்து வையுங்கள். வாசல் ஜிப்பை மேல்பக்கம் ஒரு சாண் இறக்கினாலும் போதும். உள்ளே கொஞ்சம் குளிரும், ஆனால் காய்ந்த குளிரைத் தாங்கலாம், ஈரக்குளிரைத் தாங்க முடியாது. பேக்குக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடாதீர்கள். மூக்கை வெளியே வைத்துக் கழுத்துத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஈரத்துணியை உள்ளே தொங்கவிடாதீர்கள்.

படிந்துவிட்டதா? உறைந்திருக்கும்போதே, வெயில் டென்ட்டைத் தொடுவதற்கு முன் துடைத்துத் தள்ளுங்கள். ஒரு சின்னப் பிரஷ்ஷோ காய்ந்த துணியோ போதும். உருகிய பிறகு செய்தால் இரட்டை வேலை.

### தையல் ஓரமாகக் கோடு போல ஈரம்

இதுதான் ஒழுக்கு. முகாமில் செய்யக்கூடியது டேப் ஒட்டுவது மட்டும், அதுவும் துணி காய்ந்திருந்தால்தான் ஒட்டும். வீட்டுக்கு வந்து தையல் பசை பூசிச் சரிசெய்யலாம். உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டினாலோ தோல் போல உரிந்தாலோ அந்தத் துணியின் ஆயுள் முடிந்தது.

### தரை மட்டும் நனைகிறது

பனியை மிதித்துக் கெட்டிப்படுத்தாமல் போட்டிருப்பீர்கள், உடம்புச் சூட்டில் பனி உருகியிருக்கும். அல்லது ஷூவோடு வந்த பனி. இரண்டும் இல்லை என்றால் பகலில் தரைத்துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித்துளை நட்சத்திரம் போலத் தெரியும்.

## காலையில் மேட் தொய்ந்திருக்கிறது

ஓட்டை என்று முடிவு செய்யாதீர்கள். சூடான மூச்சை ஊதி நிரப்பினால், அது குளிர்ந்ததும் சுருங்கி மேட் தொய்யத்தான் செய்யும். விரித்து அரைமணி விட்டு, படுக்கும் முன் மறுபடி ஊதுங்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று மணி நேரத்தில் முதுகு தரையைத் தொட்டால் அப்போது வால்வைப் பாருங்கள். பெரும்பாலும் வால்வின் வாயில் ஒரு மணல் துகளோ ஐஸோ இருக்கும். வால்வும் சுத்தம் என்றால் ஓட்டைதான். சோப்புத் தண்ணீர் தடவிக் கொப்புளம் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். குளிரில் ஒட்டு சரியாகப் பிடிக்காது. துளையைச் சுற்றித் துடைத்து, காயவைத்து, உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்துவிட்டு ஒட்டுங்கள். தையலோரத்திலோ உள்ளறைகளுக்கு நடுவிலோ பிரிந்து உப்பினால் அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

## ஸ்டவ் மந்தமாக எரிகிறது

### கேஸ் குப்பி ஸ்டவ்

குப்பியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் தளும்பினால் கேஸ் இருக்கிறது, ஆவியாக மறுக்கிறது. குப்பியின் வெளிப்புறத்தில் உறைபனி படிந்திருந்தால் அதே காரணம்தான்.

குப்பியின் மேல் என்ன கேஸ் என்று எழுதியிருக்கும். வெறும் பியூட்டேன் என்றால் 0 டிகிரியிலேயே படுத்துவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை ஆவியாகும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. பனிக்காலத்துக்கு ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பிதான் வாங்க வேண்டும். அதிலும் புரொப்பேன் முதலில் தீர்ந்துவிடும். அதனால்தான் பாதி காலியான குப்பி காலையில் மக்கர் செய்கிறது.

செய்ய வேண்டியவை: இரவில் குப்பியைப் பேக்குக்குள் காலடியில் வையுங்கள். சமைக்கும்போது பனியின் மேல் வைக்காமல் ஃபோம் துண்டு அல்லது பலகையின் மேல் வையுங்கள். அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் குப்பியை நிறுத்தினால், அரை நிமிடத்தில் தீ எழும்பும்.

செய்யக் கூடாதவை இரண்டு. குப்பியைத் தீயிலோ சூடான கல்லிலோ காட்டக் கூடாது. காற்றைத் தடுக்க ஸ்டவ்வையும் குப்பியையும் சேர்த்துச் சுற்றி மூடக் கூடாது, குப்பி வெடிக்கும்.

கேஸ் வாடை வந்தால் அணைத்துவிட்டு, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கொப்புளம் வந்தால் முதலில் ரப்பர் வளையம். அதை மாற்றியும் வந்தால் அந்த ஸ்டவ்வை மறுபடி பற்றவைக்காதீர்கள். வால்வு, குழாய் இரண்டும் நாமே பழுது பார்க்கிற சமாசாரம் அல்ல.

### எண்ணெய் ஸ்டவ்

பம்ப் அடித்தால் அழுத்தமே இல்லையா? பம்ப்பின் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் தடவி விரலால் விரித்துவிடுங்கள். அழுத்தம் இருந்தும் தீ மஞ்சளாக ஆடினால், சூடு ஏறும் முன் திறந்துவிட்டிருப்பீர்கள், அல்லது எரிபொருள் வரும் துளையில் கரி.

### நன்றாகக் கொதிக்கிறது, ஆனால் வேகவில்லை

ஸ்டவ்வில் குறை இல்லை. 3000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். முன்பே ஊறவையுங்கள், மூடி போட்டு வேகவையுங்கள், நேரம் கூடுதலாகக் கொடுங்கள்.

## ஜிப் ஓடவில்லை

இழுக்காதீர்கள். குளிரில் பல்லும் துணியும் கிழிவது ஒரு வேகமான இழுப்பில்தான். ஹெட்லைட்டை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பற்களுக்கு நடுவே கண்ணாடித் துண்டு போல ஐஸ் தெரிந்தால், உள்ளங்கையைக் குவித்து ஜிப் தலையின் மேல் வைத்து நாலைந்து மூச்சு விடுங்கள். பளபளப்பு மங்கி, தலை லேசாக அசையும். முதலில் பின்பக்கமாக ஒரு விரற்கடை இழுத்து, பிறகு முன்னால் விடுங்கள். துணி சிக்கியிருந்தாலும் இதே முறைதான். ஓடிய பிறகு பற்களில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள்.

தலை போன பின்னாலேயே பற்கள் பிரிந்தால் தலை தேய்ந்திருக்கிறது. குறட்டால் தலையின் இரண்டு பக்கமும் மிக மெல்ல அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும். பல்லே உடைந்தால் தையல் தெரிந்தவரிடம் போக வேண்டும். முகாமில் வாசலை ஊக்கு குத்தி மூடுங்கள்.

## டென்ட் உறுதியாக நிற்கவில்லை

### முளை பனியில் பிடிக்கவில்லை

செங்குத்தாக அடித்த மெல்லிய முளை பனியில் நிற்காது. கயிற்றை முளையின் நடுவில் கட்டி, முளையைப் படுக்கை வாட்டில், முழங்கை ஆழப் பள்ளத்தில் புதைத்து, மேலே பனியைப் போட்டு மிதியுங்கள். முளை போதவில்லை என்றால் குச்சியோ பனி நிரப்பிய பையோ போதும். அப்புறம் அரைமணி தொடாதீர்கள். மிதித்த பனி இறுகிய பிறகுதான் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். அவசரப்பட்டு உடனே இழுப்பவர்களுக்குத்தான் நள்ளிரவில் மறுபடி தோண்டும் வேலை.

### மாலையில் விறைப்பாக இருந்த துணி இரவில் தொய்கிறது

நைலான் ஈரத்தில் நீளும். படுக்கும் முன் ஒரு தடவை எல்லாக் கயிற்றையும் இழுத்துவிடுங்கள்.

### பனிப்பொழிவில் கூரை அமுங்குகிறது

உள்ளிருந்து உள்ளங்கையால் தட்டித் தள்ளுங்கள், குத்தாதீர்கள். வெளியே போய் டென்ட்டின் அடிவிளிம்பைச் சுற்றிக் குவிந்த பனியைக் கட்டாயம் அள்ளிப் போடுங்கள். கூரை தாங்கினாலும் கீழ்த்துவாரம் அடைபட்டால் உள்ளே காற்று கெட்டுப்போகும். கனமாகக் கொட்டும் இரவில் முறைபோட்டு எழுந்து பாருங்கள்.

### கம்பி ஒடிந்தது

ஒடிந்த இடத்தில் பழுதுக்குழாயை (கம்பியின் மேல் மாட்டும் சிறு குழாய்) நுழைத்து இரண்டு முனையிலும் டேப் சுற்றுங்கள். குழாய் இல்லையென்றால் இரண்டு முளைகளைச் சிம்பு போல வைத்துக் கட்டுங்கள். கழற்றும்போது கம்பி மூட்டுகள் உறைந்து ஒட்டியிருந்தால் முறுக்காமல் கையால் மூடிச் சூடாக்குங்கள்.

## தண்ணீர், ஷூ, பேட்டரி உறைகின்றன

தண்ணீர் மேலிருந்துதான் உறையும். பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும். காலைக்கு வேண்டிய தண்ணீரை மாலையே பாத்திரத்தில் பிடித்து வைத்தால் அப்படியே அடுப்பில் ஏற்றலாம். மெல்லிய குழல் வகைத் தண்ணீர் ஃபில்டர் ஒரு தடவை உறைந்தாலே உள்ளே விரிசல் விட்டிருக்கும். வெளியே தெரியாது, தண்ணீரும் வரும், கிருமியும் சேர்ந்து வரும். சந்தேகம் வந்தால் அதை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

ஷூவின் கயிற்றை முழுக்கத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, கவரில் போட்டுப் பேக்கின் காலடியில் வையுங்கள்.

பாதிச் சார்ஜ் இருக்கும்போதே ஃபோன் அணைந்தால் பேட்டரி குளிர்ந்திருக்கிறது. சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள். குளிர்ந்த நிலையிலேயே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும். ஹெட்லைட்டுக்குச் சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் செல் சாதாரண செல்லைவிடக் குளிரை நன்றாகத் தாங்கும்.

## ஆளிடம் தெரியும் அறிகுறிகள்

### தலைவலி

முதல் கேள்வி: டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ எரிந்ததா? ஆம் என்றால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. ஒரே டென்ட்டில் இருவருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளிக்காற்றில் தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். சூட்டுக்காகக் கரித்தட்டை உள்ளே வைத்துக்கொண்டு படுப்பது உயிரைப் பறிக்கும். எவ்வளவு குளிர்ந்தாலும் செய்யாதீர்கள், யார் செய்தாலும் தடுங்கள்.

இல்லை என்றால் அடுத்த கேள்வி: எவ்வளவு தண்ணீர் குடித்தார்? குளிரில் தாகம் தெரியாது. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் வெந்நீர் கொடுங்கள்.

மூன்றாவது: 2500 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறி வந்தீர்களா? அப்படியானால் உயர நோய். தலைவலி மட்டும் என்றால் மேலே ஏறாமல் ஓய்வெடுக்கட்டும். வாந்தி நிற்கவில்லை, குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியவில்லை, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது: இதில் ஒன்று இருந்தாலும் விடியக் காத்திருக்காமல் கீழே இறக்குங்கள். 300 முதல் 1000 மீட்டர் வரை இறங்க வேண்டியிருக்கும். தனியாக அனுப்பாதீர்கள். மருத்துவ உதவிக்கு உடனே சொல்லியனுப்புங்கள்.

### நடுக்கம்

பேச்சு தெளிவாக இருந்து நடுங்கினால், ஈரத்துணியை மாற்றி, கீழே மேட் போட்டுப் போர்த்தி, இனிப்பான சூடான பானமும் உணவும் கொடுங்கள்.

பேச்சு குழறுகிறது, கையால் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை, தடுமாறுகிறார், அல்லது நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டார் என்றால் அது தேறிய அடையாளம் அல்ல, மோசமாகும் அடையாளம். நடக்க வைக்காதீர்கள். மெதுவாகக் கையாண்டு படுக்க வையுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம், மது கூடவே கூடாது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை மார்பிலும் அக்குளிலும் வைத்து, கிடைக்கிற எல்லாவற்றாலும் சுற்றிவிட்டு மீட்புக் குழுவை அழையுங்கள்.

### விரல், மூக்கு, காது வெளுத்து உணர்வில்லை

விரலை அக்குளில் வையுங்கள், மூக்கையும் காதையும் சூடான உள்ளங்கையால் மூடுங்கள். எரிச்சலோடு உணர்வு திரும்பினால் நல்லது. மெழுகு போலக் கெட்டியாகவே இருந்தால் உறைபுண். பனியால் தேய்ப்பது, நெருப்பில் காட்டுவது இரண்டும் சதையைக் கெடுக்கும். மறுபடி உறையாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்கலாம். இல்லையென்றால் காய்ந்த துணியால் தளர்வாகச் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

### உதவியை அழைப்பது

ஃபோன் கிடைத்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். இணைப்பு எந்த நொடியும் போகலாம். பிறகு எத்தனை பேர், என்ன அறிகுறி, எப்போதிலிருந்து, அங்கே காற்றும் பனியும் எப்படி என்று சொல்லுங்கள். ஃபோன் இல்லையென்றால் விசில் அல்லது டார்ச்: ஒரு நிமிடத்தில் ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் வந்தால் உங்களைக் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். அப்போதும் நிறுத்தாதீர்கள். அவர்கள் உங்கள் டென்ட் வாசலுக்கு வரும்வரை அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் வந்துகொண்டிருப்பார்கள்.